அம்மாவுக்கு ரிலீவர் யார்?

“உங்க வீட்ல அம்மா இல்லையாம்மா?”

கேட்டவர் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். கேட்டதும், கேட்டிருக்கக் கூடாதோ என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவா? அன்று காலைதான் எங்கள் குழுவில் மூன்று பேருக்கும் சேர்த்து எலுமிச்சம்பழச் சாதம் கிளறிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். டிபன் கேரியர் கம்ப்யூட்டர் லேப் மேஜைக்கு அடியில் என் காலை இடித்துக்கொண்டிருந்தது. ஏசி அறையில் பெருங்காய வாசனை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது வேறு.

“இருக்காங்க சார். நல்லா இருக்காங்க.”

“அப்போ இதுல ஏன் காணோம்?” என்று கையிலிருந்த தாளை என் பக்கம் திருப்பினார்.

அது நாங்கள் வரைந்த படம். ஒரு மென்பொருளை யார் யார், எதற்காகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று காட்டுகிற படம். ஆளுக்கு ஒரு குச்சி மனிதன் வரைய வேண்டும். ஒவ்வொரு குச்சி மனிதனிடமிருந்தும் அவன் செய்கிற வேலைக்கு ஒரு கோடு போக வேண்டும். அந்தக் குச்சி மனிதனுக்குப் பாடப்புத்தகத்தில் ‘ஆக்டர்’ என்று பெயர்.

எங்கள் படத்தில் அப்பா இருந்தார். பிள்ளைகள் இருந்தார்கள். சிலிண்டர் போடுகிறவர், கூரியர்காரர், சீட்டுப் பணம் வாங்க வரும் அக்கா எல்லாரும் இருந்தார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்குக்கூட ஒரு குச்சி மனிதன் உண்டு, கையில் மட்டையோடு. அம்மா இல்லை.

தேர்வாளர் கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம். கோபப்பட்டால் நாமும் முறைத்துக்கொள்ளலாம். “அடுத்த வாரம் இன்னொரு பிரிவுக்குத் தேர்வு நடத்த வருவேன். அன்னிக்கு முழுசாத் திருத்திக் காட்டுங்க. இல்லன்னா என்னால பாஸ் போட முடியாதும்மா” என்றார்.

பாஸ் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்கு வந்த ஒரு கம்பெனி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, அரியர் இருக்கக் கூடாது. அந்த வருடக் கடைசியில் அப்பாவுக்கு ரிடையர்மென்ட். ரிடையர் ஆனால் வேலைக்காகக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்கென்று வேறு வீடு கிடையாது. வாடகைக்கு வீடு பார்த்தால் வாடகை என் சம்பளத்திலிருந்துதான் என்பது, வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருந்தது.

ஆக, ஒரு குச்சி மனுஷி இல்லாததால் நான்கு பேர் தெருவுக்கு வரும் நிலைமை.

தூக்கத்துக்குக் காவல்

போன வாரம் இந்தத் தொடரில் கல்லூரிப் பேருந்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்கள் எல்லாரும் ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள்?” நியாயமான கேள்வி.

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தது என்று யாரும் தூங்கப் போவதில்லை. ஷிஃப்ட் பார்த்துத்தான் தூக்கம். அப்பா நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். நிலக்கரியை ஏற்றிக்கொண்டு ஓடும் நீள பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கிழமை வராது. அப்பாவுக்கு எந்தக் கிழமை ரெஸ்ட்டோ அன்றுதான் கறிக்குழம்பு.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகல் முழுக்க வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கிவிடுவோம். மிளகாய் தாளித்தால் நெடியில் அப்பா இருமி எழுந்துவிடுவார் என்று அம்மா தாளிப்புக் கரண்டியோடு பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். குக்கர் விசிலடிக்கப் போகிற நொடியை அவள் எப்படித்தான் கண்டுபிடிப்பாளோ, எங்கிருந்தாலும் ஓடிவந்து இறக்கிவிடுவாள்.

தொலைக்காட்சித் தொடர்களை நானும் தம்பியும் ஊமைப் படமாகவே பார்த்தோம். வசனத்தை நான்தான் இட்டுக்கட்டிக் கிசுகிசுப்பேன். வில்லி மாமியார் பண்ருட்டி பலாப்பழத்துக்குப் பேரம் பேசுவதாக நான் சொல்ல, தம்பி தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரிப்பான். ஒரு தொடரை வேறொரு ஊரில் சத்தத்தோடு பார்த்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். என் வசனம் எவ்வளவோ தேவலை.

பக்கத்துத் தெருக்களிலும் இதே கதைதான். எங்கள் பிளாக்கில் நிறைய வீடுகளில் யாராவது ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். யார் வீட்டில் யார் என்பதுதான் தெரியாது. தெரியாமல் பெல் அடித்தவர்கள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

கோட் எழுதாத பாடம்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பில் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்று ஒரு பாடம் உண்டு. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். உள்ளே போனால் கம்ப்யூட்டரே வராது. யாருக்கு என்ன வேண்டும் என்று கேள், கேட்டதை எழுது, எழுதியதைப் படமாக வரை, வரைந்ததைச் சரிபார், கடைசியில் நேரமிருந்தால் கோட் எழுது. கோட் எழுதுவதற்காகவே பிறந்தவன்போல நடந்துகொள்ளும் முத்துக்குமாருக்கு இது பிடிக்கவே இல்லை. “இது இன்ஜினியரிங் இல்ல, பேங்க்ல கேஒய்சி வாங்குற வேலை” என்பான்.

முத்து எங்கள் பிளாக்தான். அவனுடைய அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். குழுவில் மூன்றாவது ஆள் ஸ்டெல்லா. மந்தாரக்குப்பத்தில் கடைத்தெருவை ஒட்டிய வாடகை வீடு. அவள் அப்பா சுரங்கத்திலேயே காண்ட்ராக்ட் வேலை.

ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்றதும் வகுப்பில் பாதிப் பேர் வழக்கம்போல நூலகம், மீதிப் பேர் மருத்துவமனை என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லாதான் கேட்டாள்.

“நம்ம ஊர்ல எதுடி பெரிய பிராப்ளம்? தூக்கந்தான?”

“குவார்ட்டர்ஸ்ல மட்டும்தானே இந்தத் தொல்லை?” என்றான் முத்து.

“ஏன், பர்மனென்ட்டுக்கு மட்டுந்தான் தூக்கம் வருமா? காண்ட்ராக்ட்டுக்கும் வரும்டா. எங்கப்பா தூங்குற ஜன்னலுக்கு நேரா செல்போன் கடைக்காரன் ஸ்பீக்கர் வெச்சிருக்கான், வந்து பாரு.”

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் ‘தூங்குறாங்க’ ஆப். போன் திரையில் வீட்டுக்கு ஒரு விளக்கு. சிவப்பு என்றால் ஆள் தூங்குகிறார், பெல் அடிக்காதே. பச்சை என்றால் வரலாம். சிலிண்டர் போடுகிறவரும் கூரியர்காரரும் போனைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டலாம். ஷிஃப்டைக் கொடுத்துவிட்டால் மற்றதை ஆப் பார்த்துக்கொள்ளும்.

வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தோம். “நைட்டு முடிச்சிட்டு வந்தா எப்போ படுப்பார்? எப்போ எழுந்திருப்பார்?” எல்லாரும் ஆர்வமாகப் பதில் சொன்னார்கள். ஒரு அக்கா கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே வீட்டுக்காரர் தூங்குகிறாராம். ஜன்னல் வழியாகவே சைகையில் பேட்டி கொடுத்தார். ஐந்து விரலைக் காட்டியது ஐந்து மணிக்கா, ஐந்து மணி நேரமா என்று எங்களுக்குள் ஒரே தகராறு.

இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பதில் சொன்ன அத்தனை பேரும் பெண்கள். வீட்டுக்காரர் எப்போது புரண்டு படுப்பார் என்பது வரைக்கும் சொன்னார்கள். “நீங்க எப்போ தூங்குவீங்க?” என்று ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. அவர்களும், எங்களை ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை. வேறு ஊர்ப் பிள்ளைகள் இந்த ப்ராஜெக்டைச் செய்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். தூக்கம் என்றால் அது அப்பாவுடையது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஸ்டெல்லாவுக்குக் கொடுத்திருந்த வேலை டெஸ்டிங். நாங்கள் எதைச் செய்து கொடுத்தாலும் உடைப்பாள். “ஷிஃப்ட் மாத்திக்கிட்டா? லீவு போட்டா? அப்பா ஊருக்குப் போயிட்டா?” என்று நச்சரித்து முத்துவை அழவைக்காத குறை. அந்த ஸ்டெல்லாவின் கண்ணிலேயே இது படவில்லை.

வரையலாம், கோடு எங்கே போகும்?

தேர்வாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கேன்டீனுக்குப் பின்னால் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தோம். முத்துவுக்குப் பசியில் உலகமே எளிதாகத் தெரியும்.

“இதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிக்கிறீங்க? இன்னொரு பொம்மை வரைஞ்சா முடிஞ்சிது. கொண்டை போட்டு வரைஞ்சிடறேன்.”

“வரைஞ்சிட்டு?” என்றாள் ஸ்டெல்லா. “அதுல இருந்து கோடு எங்கடா போகும்? உங்கம்மா இந்த ஆப்ப வெச்சி என்ன பண்ணுவாங்க, சொல்லு.”

முத்து வாயிலிருந்த சாதத்தை மென்று முடித்தான். யோசித்தான். இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டான். எனக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லாவுக்கும் தெரியவில்லை. கேட்டால்தான் தெரியும் என்று அன்று சாயங்காலமே இரண்டு பேரும் என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு பேட்டி

அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அன்று ரெஸ்ட். கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார்.

(இந்தத் தொடரில் அப்பாவுக்கு ‘இருந்தார்’ என்றும் அம்மாவுக்கு ‘இருந்தாள்’ என்றும்தான் எழுதிவருகிறேன். ஒருமுறை மாற்றி எழுதிப் பார்த்தேன். வேறு யார் வீட்டு அம்மாவோ மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.)

“ம்மா, நீ எப்ப தூங்குவ?”

“ஏன்டி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா ஒனக்கு?”

“இல்லம்மா, ப்ராஜெக்டுக்கு. சொல்லு.”

அம்மாவுக்குத் திருவதிகைப் பக்கம். டவுன்ஷிப்பில் இத்தனை வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை. “உங்கப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுன்னா விடியறதுக்கு மின்ன எந்திரிக்கணும். செகண்ட்னா அவரு வந்து சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் முழிச்சிகினு இருக்கணும். நைட்டுன்னா பகல்ல எவனும் கதவு தட்டாம பாத்துகினு ஒக்காந்திருக்கணும்.”

“அதெல்லாம் அப்பா ஷிஃப்ட். நீ எப்ப தூங்குவ?”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“அதான் அப்பப்ப தூங்குறனே.”

“அப்பப்பன்னு போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்காது ஆன்ட்டி” என்றாள் ஸ்டெல்லா.

“அப்ப அத தூக்கிப் போடு.”

ஸ்டெல்லா விடுகிற ஆளா? “சரி ஆன்ட்டி. பகல்ல ஒங்களுக்குன்னு கொஞ்ச நேரம் செவப்பு போட்டுடறோம். யாரும் எழுப்ப மாட்டாங்க. போதுமா?”

அம்மா சிரித்துவிட்டாள். “நீ செவப்பு போட்டுட்டுப் போயிடுவ. அந்நேரத்துக்குத் தண்ணி வந்தா யாரு புடிக்கிறது? அடுப்புல இருக்கிறத யாரு எறக்குறது? தோ ஒக்காந்திருக்காரே, இவரு ரிலீவர் வராம அந்த பெல்ட்ட வுட்டுட்டு எறங்கி வந்துடுவாரா? எனக்கு ரிலீவர் யாருடி? மொதல்ல அத போடு ஒங்க கம்ப்யூட்டர்ல.”

வெளியூர்க்காரர்களுக்காக: ஷிஃப்ட் முடிந்தது என்று யாரும் உடனே கிளம்பிவிட முடியாது. அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து, மெஷினை ஒப்புக்கொண்ட பிறகுதான் இறங்க வேண்டும். அப்படி வருகிறவர்தான் ரிலீவர். அவர் வராவிட்டால் இருக்கிறவருக்கே அடுத்த ஷிஃப்டும். ஒருமுறை ரிலீவர் வராமல் அப்பா டபுள் டூட்டி பார்த்துவிட்டு வந்து, அந்த மனிதரை ஒரு வாரம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கே அவர் மேல் கோபம் வந்துவிட்டது.

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி கொத்தவரங்காயை எடுத்துக்கொண்டாள். ஆனால் கூடத்தில் செய்தித்தாளின் பக்கம் வெகுநேரம் திரும்பவில்லை. பிறகு தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“எம் பேரப் போடுங்க.”

“ஆமா, வந்துட்டாரு ரிலீவரு” என்றாள் அம்மா. “டிரெயினிங் எத்தினி வருஷம்?”

பழைய சுவரை இடித்து

முத்து தலையில் கைவைத்துக்கொண்டான். வீட்டுக்கு ஒருவர்தான் தூங்குவார் என்று நம்பி அவன் மொத்தத்தையும் கட்டியிருந்தான். இப்போது யார் வேண்டுமானாலும் தூங்கலாம் என்று மாற்ற வேண்டும். தூங்குகிறவரின் வேலைகள் இன்னொருவருக்குப் போக வேண்டும். அந்த இன்னொருவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று அழுத்தினால்தான் சிவப்பு எரிய வேண்டும். அதுவரை எரியக் கூடாது. இந்த விதியைச் சொன்னவள் ஸ்டெல்லா. “சுரங்கத்துல என்ன ரூலோ அதான் வூட்லயும்” என்றாள்.

அந்த ஒரு வாரம் மாதிரி நான் வேறெப்போதும் படித்ததில்லை. அதுவரை மனப்பாடம் செய்து வைத்திருந்த பாடம் எல்லாம் அந்த வாரத்தில்தான் எனக்கு விளங்கியது. முத்து முணுமுணுத்துக்கொண்டே இடித்தான், முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். ஸ்டெல்லா வழக்கம்போல உடைத்தாள். அப்பா போனிலும் அம்மா போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தோம். அம்மா இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை.

மறுபடியும் லேப்

அடுத்த வாரம் தேர்வாளர் படத்தைப் பார்த்தார். முத்து சொன்னபடியே கொண்டை போட்டு வரைந்திருந்தான். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு. ஆனால் உடனே, “மாதிரித் தகவல் எல்லாம் வேணாம். உண்மையா யாராவது பயன்படுத்துற வீடு இருந்தா காட்டுங்க” என்றார்.

இருந்தது ஒரே வீடு. எங்களுடையது. திறந்தேன்.

அம்மா: தூங்குகிறார். ரிலீவர்: அப்பா. ஏற்றுக்கொண்டார்.

சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. சமையல் நேரம் அது. அந்த நேரத்தில் அம்மா படுத்து நான் பார்த்ததே இல்லை. “புரோகிராம்ல ஏதோ பக் போலடி” என்று முத்து என் காதருகே சொன்னான். ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

தேர்வாளரும் கடிகாரத்தைப் பார்த்தார். “இந்நேரத்துல தூங்குறாங்களா? போன் பண்ணிக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

அந்த வாரம் அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்ட். மத்தியானம் வரை வீட்டில்தான் இருப்பார். அவர் போனுக்கே அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் வேலை, குவார்ட்டர்ஸ், வாடகை எல்லாம் அந்த மணியோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் எடுத்தார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

“என்ன?”

“அப்பா, அம்மா எங்க?”

“தூங்குறா.” எங்கள் அப்பா கிசுகிசுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “உங்க ஆப்புலதான் செவப்பு எரியுதே? பாக்கலியா? அப்புறம் எதுக்கு போன் பண்ற? வை.”

வைத்துவிட்டார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். “சரி, வேலை செய்யுது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பாஸ்.

வேலையில் சேர்ந்தேன். அப்பா ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்துக்கு வந்தோம். ஸ்டெல்லா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தத் தேர்வாளரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் அன்று என்னைக் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்கும் எந்த வேலையைத் தொடங்கும்போதும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்: இதில் யார் இல்லை? அவருக்கு நான் மனதார நன்றி சொல்ல வேண்டும்.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த அலுவலகத் தோழி ஒருத்தியிடம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா எங்களுக்குப் பலாச்சுளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“தூங்குனனா? யாரு சொன்னது?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“செவப்ப அழுத்திட்டுப் படுத்தா, உங்கப்பா அடுப்படில ஒவ்வொரு டப்பாவா தொறந்து மூடிகினு இருந்தாரு. ரசத்த வேற பொங்க வுட்டாரு. அந்த சத்தத்துல எவ தூங்குவா? எந்திரிச்சிப் போனா அங்க பச்சையாயிடுமே, புள்ளைக்குப் பரீச்சை போயிடுமேன்னு கண்ண இறுக்க மூடிகினு படுத்துகினு இருந்தேன்.”

எழுந்தால் தானாகப் பச்சை ஆகாது. அதற்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதை அவளிடம் நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்பா பலாச்சுளையைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். அன்றைக்கு எனக்குப் பாஸ் போட்டது அந்தத் தேர்வாளர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.